பேட்டரிக்குப் போர்த்திய மழைக்கோட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

உன் நலமறிய ஆவல் என்று மட்டும்தான் இந்தத் தடவை எழுத முடியும், இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அப்பா உள்ளே இருமிக்கொண்டே எதையோ தேடிக்கொண்டிருக்கிறார், என்ன தேடுகிறார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். போனில் சொன்னால் ஆகாதா, எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பாய். போனில் எங்கேடா என்னைப் பேச விட்டீர்கள்? நான் வாங்கி ஹலோ சொல்வதற்குள் அப்பாவும் பிள்ளையும் வோல்ட், ஒயர், சார்ஜர் என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள், நான் நடுவில் வாயைத் திறந்தால் "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்கிறாய். கடிதத்தில் யாரும் எனக்குக் குறுக்கே பேச முடியாது, அதனால் பாதியில் மூடி வைக்காமல் முழுசாகப் படி.

நீ அந்த இரண்டாவது பேட்டரியை ஆசையாகத்தான் வாங்கி அனுப்பினாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி இல்லை. முன்பு அவருடைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் ஒரே பேட்டரி இருந்தபோது காலையில் நாலு தையல் கடை ஏறி இறங்கி மிஷின்களை ரிப்பேர் பார்த்துவிட்டு வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும், மத்தியானம் வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வருவார். வண்டிக்குச் சார்ஜ் ஏறுகிற வரைக்கும் சூடாகச் சாப்பிடுவார், என் கண் முன்னால் பிரஷர் மாத்திரை போடுவார், காலை நீட்டிப் படுப்பார். நீ போனிலேயே, சீட்டுக்குப் பின்னால் இன்னொன்றை ஏற்றி ஒயர் போட்டுச் சேர்க்கச் சொல்லிக்கொடுத்தாய், அவ்வளவுதான், மனுஷன் மத்தியானம் வீட்டை மறந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் தைக்கிற கம்பெனி வரைக்கும் போகிறார். சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது. இதைச் சொன்னால் "ஒரு சார்ஜுக்கு ஓடுற ரேஞ்சு டபுளாயிடுச்சு, தெரியுமா?" என்று என்னிடமே பெருமை. உன் தங்கையும் உங்கள் கட்சிதான், அப்பா சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார் என்று சிரிக்கிறாள். வெயில் காலத்தில் என்னவோ செய்யட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மழை என்றால் அப்படியொரு மழை. விளக்கு வைக்கிற நேரமாகியும் ஆளைக் காணோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், தெருமுனையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். மேலே கோட்டு இல்லை. நான் தேடித் தேடி வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டு எங்கே என்று பார்த்தால், பின்னால் பேட்டரிப் பைக்குப் போர்த்தி, குழந்தைக்குத் தலையை மூடுவது போல மூடி, இரண்டு கையையும் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறது! நீதான் சொன்னாயாமே, "தண்ணி மட்டும் பட்டுடாமப் பாத்துக்கோங்கப்பா, பட்டா போச்சு" என்று. உன் வாக்கு அவருக்கு வேதவாக்கு. அத்தனை செய்தும் தண்ணீர் ஒயர் வழியாகவே ஓடி, அந்த ஒயரைச் சேர்க்கிற பிளக்குக்குள் இறங்கியிருக்கிறது. நடுப்பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு பேட்டரி கனம், கருவிப் பெட்டி கனம், இந்த வயதில் அந்த மழையில் அங்கிருந்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

உள்ளே வந்ததும் பல் கிடுகிடுவென்று அடிக்கிறது, என் புதுத் துண்டை உருவி எடுத்தார், தலையைத் துவட்டப் போகிறார் என்று பார்த்தால் பேட்டரியைத் துவட்டுகிறார். அந்த ஈரத்தோடு அதைச் சார்ஜில் வேறு போடப் போனார், நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணினாய். வீடியோவில் அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நீ கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "பேட்டரிக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?" அவரும் பல் அடிக்க அடிக்க, "ஒரு சொட்டுகூடப் படலைடா" என்று சிரிக்கிறார். நான் பின்னால் அவர் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். பையிலிருந்து மத்தியான மாத்திரை கரைந்து வந்தது. எனக்கு வண்டி புரியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். நனைந்து நிற்கிற மனுஷனைப் பார்த்தால் முதலில் அவரைக் கேட்க வேண்டும் என்று உனக்கு ஏன்டா புரியவில்லை?

மறுநாளே காய்ச்சல். பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நெஞ்சுல சளி கட்டியிருக்கு, வீட்லயே வெச்சுக்காதீங்க" என்றாள். டாக்டர் ஊசி போட்டு, இன்னொரு தடவை இப்படி நனைந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். உன்னிடம் "லேசா ஜலதோஷம்" என்றார் அல்லவா, அது பொய். நேற்று காய்ச்சல் விட்டது, விட்டதும் விடாததுமாக, "திங்கக்கிழமை கம்பெனிக்குப் போகணும், அங்க மிஷின் நின்னு கிடக்கு" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். மழை இன்னும் விடவில்லை. நான் அழுதேன், சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

அதனால்தான் இப்படிச் செய்தேன். இரண்டு பேட்டரியையும் சேர்க்கிற அந்த ஒயரைக் கழற்றி இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். உறை ஏன் இவ்வளவு தடிமன் என்று நினைத்திருப்பாய். அதைத்தான் அவர் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறார், நானும் கூடச் சேர்ந்து அலமாரியில் தேடிக் கொடுத்தேன். உன்னைக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், அம்மா அனுப்பிவிட்டாள் என்றே சொல், வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய பேட்டரி ஒன்று போதும், பக்கத்துக் கடைகளுக்குப் போய் மத்தியானம் வீட்டுக்கு வரட்டும். நீயும் வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, கழுத்துக்கு அந்த நீல மப்ளரைச் சுற்றிக்கொள்.

தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இரு. அந்த ஒயரை மட்டும் தபாலில் திருப்பி அனுப்பாதே, வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன், இன்னொன்று புதிதாக வாங்கி அனுப்பினால் அதுவும் இதே வழியில் திரும்பி வரும். நீ வந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மழை விட்டதும் லீவு போட்டு நீயே கையில் எடுத்துக்கொண்டு வா, வந்து நீயே மாட்டிக் கொடு.

இன்னும் கோபம் தீராத
உன் அம்மா