மார்கழியை விட்டுவிட்ட அறிக்கை

சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, பால் கொடுக்க மடியில் போட்டதும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் முந்தானையில் கம்பெனியில் தகடு கழுவும் அறையின் அந்தத் தித்திப்பு வாடை. கடைசி மாதங்களில் உன் தலைமுடியிலும் இதே வாடைதான். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் புடவையை வாளியில் எறிந்தேன். உன்மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படுவது அசிங்கம்தான், படுகிறேன்.

கஞ்சிக்கோட்டு ரேடியோ கம்பெனியில் வேதியியல் படித்தவர்கள் நாம் இருவர்தான். ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்த தகடுகளில் ஒட்டும் பசையைக் கழுவ எந்த முறை பத்து வருஷம் தாங்கும் என்று எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். ட்ரைகுளோர் என்ற திரவமா, அல்லது வெந்நீரிலேயே கரைந்துபோகும் புதுப் பசைக்கு மாறுவதா? ஆவணியில் திரவத்தைச் சோதித்தோம். சன்னல்கள் திறந்திருந்தன, வாடை தெரியவில்லை. தகடும் நொடியில் உலர்ந்தது.

நீ மட்டும் கேட்டாய்: "மார்கழியில கணவாய்க் காத்து புழுதியை வாரிக்கிட்டு வருமுங்க. சன்னலைச் சாத்திப்போடுவோம். அப்ப இந்த ஆவி எங்கீங்க போகும்?"

"உங்க மூக்குக்குள்ளதான் அம்மிணி" என்று சிரித்தார் மேனேஜர். "வேணும்னா மார்கழிக்கு லீவு போட்டுக்குங்க."

அறிக்கையில் அதை ஒரு வரியாக எழுதியிருந்தாய். அந்த வரியை அடித்து நீக்கச் சொன்னவள் நான். "சும்மா இரு புள்ள, வேலைக்கு உலை வெச்சிராத." எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்பவள், அன்று மட்டும் ஏன் பேசாமல் பேனாவை எடுத்தாய்? 'காற்றோட்டம் போதுமானது' என்பது என் வாக்கியம். கீழே உன் கையெழுத்தும் இருக்கிறது.

சாத்திய அறையில் மூன்று மார்கழி நின்றாய். மஞ்சள்காமாலை என்றார் டாக்டர். எங்கே வேலை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நேற்று மேனேஜர் அதே அறிக்கையை என் மேசையில் போட்டார். புது ஷெட், பெரிய தொட்டி, இன்னும் நிறையப் பெண்கள். "தேதியை மட்டும் மாத்திக் குடுங்க, போதும்."

இன்று போய்ச் சொன்னேன்: "மார்கழி வரட்டுமுங்க. சன்னலைச் சாத்திட்டு நீங்களும் நானும் ஒரு ஷிப்ட் உள்ள நிக்கோணும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"கைக்குழந்தைக்காரி அதுக்குள்ள நிக்கறதாவது" என்று பதறிவிட்டார்.

"அப்ப மத்தவங்க நிக்கலாமுங்களா?"

அவர் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்.

வேலை இருக்குமா தெரியவில்லை. வெந்நீர் முறையை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னதும் அந்த வரியை ஏன் அடித்தாய் என்று உன்மேல் உள்ள கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம். அது தீர்ந்த அன்று நான் தேதியை மாற்றிக் கொடுத்துவிடுவேன்.