மாமா பெயர் கொண்ட படகு

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் சவ்லே வணங்கி எழுதுவது. நான் நலம். மாமாவின் இருமல் தேவலையா?

இங்கே காஸ்பியன் கடற்கரைப் படகுப் பட்டறையில், ஒரு பழைய படகின் பெயரைச் சுரண்டச் சொன்னார்கள். மேஸ்திரி பொலாத், "என்னம்மா எழுதியிருக்கு, படி" என்றார். அது மாமாவின் பெயர். மருமகள் வாயால் எப்படிச் சொல்வேன்?

"எங்க வீட்டுப் பெரியவர் பேரு" என்றேன்.

"படகும் உனக்கு மாமனாரா? அப்போ முக்காட்டை இழுத்து விட்டுக்கோ!" என்று சிரித்தார்.

உயிரோடிருப்பவர் பெயரைச் சுரண்டுகிறோமே என்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சுரண்டினேன். எழுத்தின் சாயமெல்லாம் உதிர்ந்தபின் தண்ணீர் ஊற்றினேன். வெளிறிய பலகையில், எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் வெயில் படாத நீலமாக, கடலுக்கடியிலிருந்து எழுவதுபோல் பெயர் முழுதாக மிதந்து வந்தது.

"போகவே இல்லையே! மேலே பூசித் தொலை" என்று எரிந்து விழுந்தார் பொலாத். பூசினேன். உள்ளே பத்திரமாக இருக்கிறது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். தபால் வண்டி கிளம்புகிறது. மாமா இருமாமல் தூங்குகிறாரா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், அத்தை.

சவ்லே