விளக்கு வைத்த பிறகு கேட்ட மாவு

டிசம்பர் 24, வெள்ளி

இருந்தவர்கள்: நான், அவர், லீவுக்கு வந்திருக்கும் மகள் கவிதா, எதிர்வீட்டு ஸ்டெல்லா.

கவிதா, தான் வேலை செய்யும் பேக்கரியிலிருந்து ஒரு பாட்டில் புளித்த மைதா மாவு கொண்டுவந்திருந்தாள். ஈஸ்ட் இல்லாமலே ரொட்டியை உப்ப வைக்குமாம். சாயந்திரம் குக்கரில் மணல் பரப்பி ரொட்டி சுட்டோம். பாதி பாட்டில் மீந்தது. விளக்கு வைத்த பிறகு ஸ்டெல்லா வந்து அதைக் கேட்டாள்.

"காலையில துபாய்லேர்ந்து புள்ள வர்றான்க்கா. மூணு வருசம் கழிச்சு எங்கூட கிறிஸ்மஸ். பன்னு சுடணும். மாவு ராத்திரியே பெசையணும்."

விளக்கு வைத்த பிறகு உறை மோர் கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று நான் யாருக்கும் தந்ததில்லை. இதுவும் உறைதானே? மோந்து பார்த்தேன். மோர் வாசனை. கூடவே கனிந்த வாழைப்பழ வாசனையும்.

"இது தயிரில்லம்மா, மைதா" என்றாள் கவிதா.

"கடையில ராத்திரி பத்து மணிக்குக்கூட இட்லி மாவு விக்கிறான். அவன் வூட்டு லட்சுமி இன்னா ஓடியா பூட்டா?" என்றார் அவர்.

"பரவால்லக்கா" என்று ஸ்டெல்லா திரும்பினாள். முகம் வாடிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"உன் மைதாவ இங்க எடுத்துக்கினு வாடி. இங்கயே பெசைஞ்சு வெச்சுட்டு, விடிஞ்சதும் எடுத்துக்கினு போ."

பிசைந்து வைத்துவிட்டு சர்ச்சில் நடுராத்திரிப் பூசைக்குப் போயிருக்கிறாள். இப்போது பார்த்தேன், மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு உயிர் அதற்குள் எங்கே இருந்தது?

லட்சுமித் தாயே, இது உறையா, வெறும் மாவா? புது வருஷத்துக்கும் ஸ்டெல்லா கேட்பாள். சீக்கிரம் சொல்லிவிடு.