வாசல் பக்கம் திரும்பிய கட்டில்

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். எப்போது வருகிறாய் என்றும் கேட்டிருந்தாய்.

கடல் கடந்த இந்த ஊரின் முதியோர் இல்லத்தில், கடைசி நேரத்தில் இருப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் மதத்துப் பிரார்த்தனையைப் படிப்பதுதான் என் தொண்டு. தூரத்துப் பிள்ளைகள் கூப்பிட்டால் போனைக் காதருகே பிடிப்பேன்.

இன்று காலை ஒரு பெரியவருக்குப் பிடித்தேன். "அப்பா, கிளம்பிட்டேன்ப்பா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் மகள். அதன்பிறகு பிரார்த்தனை அவர் காதில் ஏறவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் உயிர் பிரிந்து, போர்வையை முகத்துக்கு இழுத்தபோதும் கண்கள் அங்கேயே நின்றிருந்தன.

"எல்லாப் பிள்ளைங்களும் கிளம்பிட்டேன்னுதான் சொல்லுதுங்க. எந்த பஸ்ல ஏறுதுங்களோ, வந்து சேர்றதே இல்ல" என்றார் நர்ஸ் அக்கா. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

விசா புதுப்பிக்கக் கொடுத்த என் பாஸ்போர்ட் இன்னும் அந்த அலுவலகத்தில்தான் கிடக்கிறது, அண்ணா.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அம்மாவுக்கு இடது காதுதான் கேட்கும், போனை அந்தப் பக்கம் வை. பிரார்த்தனையை மட்டும் படிக்கிறேன். நான் கிளம்பிவிட்டதாக நீயும் சொல்லாதே, அண்ணியையும் சொல்லவிடாதே.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய். அம்மாவின் கட்டில் வாசலைப் பார்த்துத்தானே கிடக்கிறது? அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிடு.

உன் தங்கை