‘கே’யின் கீழ் ஒரு கோடு

மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது இன்று ஒரு தாள் கிடைத்தது. சர்/டி/ஃபி/கே/ஷன் என்று பென்சிலால் பிரித்து, ‘கே’யின் கீழே அழுத்தமாக ஒரு கோடு. உன் கையெழுத்து.

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களிடம் பேசுவதுதான் வேலை. நான் கோயம்புத்தூரில் இங்கிலீஷ் மீடியம் படித்தவள். நீ குன்னத்தூர் அரசுப் பள்ளி. ஆனால் நான் பேசினால் பையர் மறுபடி கேட்பார். நீ பேசினால் உடனே தலையாட்டுவார். நீளமான வார்த்தைகளை நான் ஒரே கனத்தில் ஒப்பிப்பேன். நீயோ, “எல்லாத்தையும் அழுத்துனா எதுவுமே கேக்காதுங்க்கா. ஒரு எடத்துல அழுத்திட்டு மத்ததை லேசா உட்டரோணும்” என்பாய்.

“இனிமே பையர்கிட்ட அந்தப் புள்ளையே பேசட்டும்” என்று முதலாளி என் முன்னாலேயே சொன்னார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பையர் வருவதற்கு முந்தின நாள் நீ என்னிடம் வந்தாய். “ஏனுங்க்கா, சர்டிஃபிகேஷன்ல எங்க அழுத்தோணும்?”

எனக்குத் தெரியும். காலையில்தான் போன் அகராதியில் அதன் உச்சரிப்பைக் கேட்டிருந்தேன். “சர்டிஃபிகேட்ல ‘டி’தானே? இதுலயும் அதேதான்” என்றேன்.

மறுநாள் நீ சரியாக ‘கே’யில் அழுத்தினாய். பையர் சிரித்துத் தலையாட்டினார். கூட்டம் முடிந்ததும் இந்தத் தாளை என் மேசையில் வைத்தாய். “உங்களுக்கும் தெரியலீங்களாட்ட இருக்குது. அதான் ராத்திரி போன்ல பாத்து எழுதிட்டு வந்தனுங்க்கா.”

தெரிந்தேதான் தப்பாகச் சொன்னேன் என்பது உனக்குப் புரிந்ததா? நான் கேட்கவேயில்லை. நீ புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிடத்தான் வந்தேன். அங்கேயும் நீதான் முந்திக்கொண்டாய். “பையர்கிட்ட இப்ப நீங்கதான பேசறீங்க? சந்தோசமுங்க்கா.” சாத்துக்குடியை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன வாரம் ஒரு பையர் நான் சொன்னதை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். முதலாளி முகம் மலர்ந்து, “அந்தப் புள்ள பேசுனாப்பலயே இருந்துச்சுங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மண்ணுக்குள் போனவள்மேல் இன்னும் பொறாமைப்படுகிறேன். ஆனாலும் நீளமான வார்த்தை எது வந்தாலும் முதலில் உன் குரலில்தான் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்; பிறகுதான் வாய் திறக்கிறேன்.