அரிக்காத தடிப்பு

மதினி,

இன்று காலை ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கையில் களிம்பு தேய்த்துக்கொண்டே வந்தாள். போடிமெட்டு ஏறும்வரை அந்தக் கற்பூர வாடை விடவில்லை. ஏலக்காட்டு வேலைக்கு நாம் சேர்ந்து போன நாட்களில் உங்கள் முழங்கையில் நான் தேய்த்துவிட்டதும் அதே களிம்புதான்.

முதலில் இரண்டே தடிப்புகள். கத்தரிப்பூ நிறம், தொட்டால் கெட்டியாக இருந்தன. செடிக்கு மருந்தடித்த சமயம் என்பதால் அது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன் நான். ஏதாவது பூச்சி கடித்திருக்கும் என்றார் அண்ணன். “அரிக்கவே மாட்டேங்குதே, வலியும் இல்ல” என்று நீங்கள் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அரிக்காததை நாங்கள் நல்லதாக எடுத்துக்கொண்டோம்.

முதுகிலும் பரவிய பிறகு தேனிக்குப் போனோம். தோல் டாக்டரம்மா ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு தடிப்பில் துளித் தோலை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். ரத்தத்தில் கோளாறு ஏதும் தெரியவில்லை என்று அன்றே சொல்லிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் புரோட்டா தின்றோம். ராசிங்காபுரம் வந்து சேரும்வரை நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

தோல் சோதனையின் முடிவு பிறகுதான் வந்தது. ரத்தப் புற்று என்றார் டாக்டரம்மா.

“ரத்தம் நல்லாருக்குன்னுதானே சொன்னீங்க?” என்று கேட்டீர்கள்.

அபூர்வமாகச் சிலருக்கு, ரத்தத்தில் தெரியும் முன்பே அது தோலில் வந்துவிடும் என்று அவர் மெதுவாக விளக்கினார். மதுரையில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போனது.

மருந்து ஏற ஏற முடி கொட்டியது, தடிப்புகளும் வற்றின. பிழைத்துவிட்டீர்கள் என்றே நம்பினோம். பிறகு முகத்தில் கிளம்பின. இமையைத் தூக்க முடியாமல் கிடந்தீர்கள். அண்ணன் சாப்பாடு வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“பாப்பாவ இங்க கூட்டியாராத. அவளுக்கு என் பழைய மொகமே இருக்கட்டும்.”

சரி என்றேன். கடைசிவரை கூட்டிவரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் முகத்தை மூடியே வைத்தோம்.

இப்போது அவள் என்னோடுதான் தூங்குகிறாள். போன வாரம் தலை பின்னும்போது, “அத்த, எங்கம்மா என்னயப் பாக்கணும்னு கேக்கவே இல்லையா?” என்றாள். நீங்கள் சொன்னதைச் சொன்னால் அந்த முகத்தையும் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போட்ட பின்னலை அவிழ்த்து, மறுபடி பின்னினேன்.

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, மதினி.