உள்ளே இருக்கிறார் கணபதி அண்ணாச்சி

பிரியமுள்ள கணபதி அண்ணாச்சி,

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. நினைவு நாளன்று நம் பேப்பரில் போட மதினிக்கு உங்கள் படம் ஒன்று வேண்டும். தென்காசியில் பாதி ஊர் உங்கள் கேமரா முன்னால் நின்றிருக்கிறது. உங்களை யாரும் எடுக்கவில்லை. சுவரில் தொங்குவது அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். "யாரோ ஆபீசர் வந்து நிக்க மாதிரில்லா இருக்கு தம்பி. அதைப் போட மாட்டேன்" என்று மதினி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள்.

வேறொரு படம் உண்டு. ஐந்தருவியில் மதினியே தன் போனில் எடுத்தது. அந்தப் போன் பிறகு கெட்டுப்போனது. ஆனால் அதற்கு முன்பே படங்களையெல்லாம் நீங்கள் வீட்டு சர்வரில், மதினி பெயரிலுள்ள போல்டரில் ஏற்றியிருந்தீர்கள். பின்னறை மேசையில் இருக்கும் அந்தக் கறுப்பு சர்வர் பெட்டியைத் தவிர அது இப்போது எங்கும் இல்லை.

ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தவர் நீங்கள். ஒருவர் போல்டரை மற்றவர் திறக்க முடியாது. "பொண்டாட்டி போட்டோவா இருந்தாலும் கேட்டுட்டுத்தாம்லே பாக்கணும்" என்பீர்கள். எந்த வீட்டில் இப்படி நடக்கும்?

போன ஞாயிறு மத்தியானம் போயிருந்தேன். வெளியே சாரல். உங்கள் கணினியைப் போட்டதும் உங்கள் படங்கள் எதுவும் கேட்காமல் திறந்துகொண்டன. மதினியின் போல்டரைத் தொட்டதும் பாஸ்வேர்டு கேட்டது. கேட்ட கட்டத்தில், பெயர் எழுதும் இடத்தில், உங்கள் பெயர் நின்றது.

அதை அழித்துவிட்டு மதினி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தார்கள். மறுத்தது. கட்டம் திரும்ப வந்தது. திரும்பவும் உங்கள் பெயர். நான் அடித்தேன். "இத்தன வருஷம் நியூஸ் அடிச்ச கையா இது? ஒத்த விரல்ல கொத்துதீய" என்று மதினி சிரித்தார்கள். அதற்கும் மறுப்புதான். அழிக்க அழிக்க உங்கள் பெயர் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மதினி சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பெங்களூரிலிருக்கும் உங்கள் மகள் செண்பகத்தைப் போனில் கூப்பிட்டோம். திரையில் வந்த ஆங்கில வரியை வாசித்துக் காட்டினேன்.

"பாஸ்வேர்டு தப்பில்ல சித்தப்பா. அந்தக் கம்ப்யூட்டர்ல அப்பா பேரைச் சேமிச்சு வச்சிருக்கு. போட்டதுமே அப்பாதான் முதல்ல உள்ள போறாங்க. ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து ரெண்டு பேர்ல உள்ள விடாது. அப்பா உள்ள இருக்க வரைக்கும் அம்மாவால போக முடியாது."

பெட்டியின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"அதுக்கு என்னட்டி செய்யணும்?" என்றார்கள் மதினி.

"அப்பா பேரை அதுலேர்ந்து எடுத்துரணும்மா."

உங்கள் பாஸ்வேர்டு எங்கள் ஒருவருக்கும் தெரியாது, அண்ணாச்சி. எடுத்தால் அந்தப் பெயரில் இனி யாரும் உள்ளே போகப்போவதில்லை. மதினி எழுந்துவிட்டார்கள். "அவுகள வெளிய தள்ளிட்டு நான் உள்ள போணுமாக்கும்? ஒரு படமும் வேண்டாம். அணைச்சிப் போடுங்க தம்பி."

நான் அணைக்கவில்லை. போனில் செண்பகம் அழுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சித்தப்பா, இன்னொரு வழி இருக்கு. சர்வர் பேரைப் போடாதீங்க. அதோட நம்பர் சொல்லுதேன், அதை அடிங்க. கம்ப்யூட்டர் அதை வேற எடம்னு நெனைச்சுக்கிடும். அப்பா பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்."

எண்ணை அடித்தேன். கட்டம் வந்தது. பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. மதினி நின்றபடியே அடித்தார்கள். பெட்டிக்குள் வட்டுகள் சுழலும் சத்தம் எழுந்தது; திறந்துவிட்டது.

படம் கிடைத்தது. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட அன்று எடுத்தது. எல்லாரையும் போலீஸ் திருப்பி அனுப்பும்போது நாம் செய்திக்காக எதிர்த்திசையில் போவோமே, அப்படிப் போன ஒரு நாளில் மதினியையும் கூட்டிப் போயிருந்தீர்கள். கடைகளில் ஆளில்லை. பின்னால் அத்தனை தண்ணீர். முன்னால் நீங்கள், கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு. முகம் தெரியவில்லை.

"ச்சே" என்றேன். மதினி உங்கள் போல்டரைத் திறந்து அதே நாளின் படங்களைத் தேடினார்கள். இருந்தது. போனை உயர்த்திப் பிடித்து, நனைந்த முகத்தோடு உங்களைப் பார்த்துச் சிரிக்கும் மதினி. இரண்டு படங்களையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்தார்கள். ஒரே நொடி, அண்ணாச்சி. நீங்கள் அவர்களைப் பார்க்கிறீர்கள், அவர்கள் உங்களை. எனக்கு அந்த அறையில் நிற்கவே கூச்சமாக இருந்தது. இடையில் யாரோ நுழைந்துவிட்டதுபோல.

விளம்பரப் பிரிவில் என்னிடம் "முகம் தெரியலையே சார்" என்றார்கள். மதினியிடம் சொன்னேன். "தெரியவேண்டியவுகளுக்குத் தெரியும். கேமராவோட மட்டுந்தான் அவுகள எனக்குத் தெரியும்" என்றார்கள். அந்தப் படமே வருகிறது.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். இப்போதெல்லாம் சாயங்காலம் மதினி அந்த அறைக்குப் போய் உட்கார்கிறார்கள். கணினியைப் போடுவதில்லை. அவர்கள் உட்கார்ந்ததும் பெட்டி தானாக விழித்து ஓடத் தொடங்குகிறது. அந்தச் சத்தத்தை நானே நேரில் கேட்டேன். செண்பகத்திடம் கேட்டால் ஒரு காரணம் சொல்வாள். எதையும் விசாரிக்காமல் விட்டவனில்லை நான். இதை மட்டும் விட்டிருக்கிறேன். சரிதானா?

அந்தக் கணினியில் உங்கள் பெயர் மேல் யார் கையும் படாமல் பார்த்துக்கொள்கிறேன். மதினி தனியாக உட்கார்ந்து உங்களோடு மட்டுமே பேசிக்கொண்டிருக்கும்படியும் விடமாட்டேன். வாரம் ஒருமுறை போய் அவர்களைச் சண்டைக்கு இழுத்துவிட்டு வருவேன்.

உங்கள் பைக்கின் பின்சீட்டிலேயே வயசான தம்பி,
முருகேசன்